ஒன்றைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பவர்

விக்கிரவாண்டி சுங்கச்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் பேருந்து நின்றுவிட்டது. நின்றதும் வழக்கமாக நடப்பதெல்லாம் நடந்தது. ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் நடத்துநரைத் திட்டினார்கள். பழுதான வண்டியின் பயணிகளை எந்தப் பேருந்தில் மாற்றி ஏற்றலாம், எதில் ஏற்றக் கூடாது, பயணச்சீட்டின் பின்புறம் என்ன எழுதித் தர வேண்டும் என்று நான் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை. நடைமுறை தெரிந்தவன் பேச்சை இந்தத் தடத்தில் யாரும் கேட்டதில்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கூட்டத்தைத் திரும்பியும் பார்க்காமல் நேராக ஓட்டுநரின் கதவருகே போனார்.

"அண்ணா, எந்த கியருமே வுழலியா, பர்ஸ்ட் மட்டும் வுழலியா?"

"எடுக்கறதே பர்ஸ்ட்லதானம்மா. அதுதான் வுழ மாட்டேங்குது."

"அப்ப மத்தது வுழுதான்னு பாக்கலியா?"

ஓட்டுநர் பார்த்தார். விழுந்தது. இரண்டாவது கியரில் முக்கி முனகி வண்டி புறப்பட்டது. திண்டிவனம் வரை அப்படியே போய்ச் சேர்ந்தது. நடத்துநர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர வேண்டியவர் அவர்தான் என்பது, எனக்கு முன்னால் அவர் அதே மாடிப்படியில் ஏறியபோது தெரிந்தது. அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்கு இன்னும் கொஞ்சம் பெருமை சேரும். அந்தத் திசையில் என்னால் ஆன உதவியை ஏற்கெனவே செய்துவிட்டேன்.

திண்டிவனத்தில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். எடைமேடைகளுக்கு மென்பொருள் செய்வோம். மேடையில் லாரி ஏறி நின்றால் எடையைக் காட்டி ரசீது அச்சிடுமே, அந்தக் கணினிக்குள் ஓடுவது எங்கள் சமாச்சாரம். மொத்தம் பதினேழு பேர். நான் தரப் பிரிவின் தலைவன். பிரிவில் நான் ஒருவன்தான் என்பதால் தலைமை தாங்குவதில் பல ஆண்டுகளாக எந்தச் சிக்கலும் வரவில்லை. அவரை எம்.டி. என் பிரிவில் உட்கார வைத்தார். இருவரானோம்.

எங்கள் தொழிலைத் தெரியாதவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். நாங்கள் எழுதும் வரிகள் அப்படியே ஓடிவிடாது. அவற்றைக் கம்பைல் செய்து, கணினி ஓட்டக்கூடிய கோப்பாக மாற்ற வேண்டும்; இதைத்தான் பில்ட் பண்ணுவது என்போம். பிறகு அந்தக் கோப்பு சொன்னபடி வேலை செய்கிறதா என்று பார்க்கச் சின்னச் சின்ன டெஸ்டுகள் வைத்திருப்போம். காலி லாரி ஏறினால் என்ன காட்ட வேண்டும், மின்சாரம் போய் வந்தால் என்ன ஆக வேண்டும், இப்படி. எங்களிடம் எண்ணூற்றுச் சொச்சம் இருந்தன. என்னுடைய நடைமுறைக் கையேடு அறுபத்து நான்கு பக்கம். அதன் சாரம் ஒரே வரி: யார் எந்த வரியைத் தொட்டாலும் எல்லாவற்றையும் முதலிலிருந்து கம்பைல் செய்து, எல்லா டெஸ்டுகளையும் வரிசையாக ஓட்ட வேண்டும். ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆகும். அதற்குள் நான் பத்திரிகை படித்து, டீ குடித்து, அறிக்கைப் படிவத்தில் தேதி போட்டு வைத்திருப்பேன். தேறிய டெஸ்ட் பச்சையாகவும் தேறாதது சிவப்பாகவும் தெரியும்; கடைசியில் திரை முழுக்கப் பச்சை வரும். கையெழுத்துப் போடுவேன்.

அவர் வந்த மூன்றாம் நாள் ஒரு டெஸ்ட் சிவப்பாக நின்றது. நான் முறைப்படி மறுபடி மொத்தத்தையும் ஓட்ட ஆரம்பித்தேன். அவர் தன் கணினியில் அந்த ஒன்றின் பெயரை மட்டும் தட்டினார். அது கண் இமைப்பதற்குள் ஓடி மறுபடி சிவப்பாக நின்றது. மறுபடி ஓட்டினார். இந்த முறை பாதி வழியில், ஒரு குறிப்பிட்ட வரியில், நிறுத்தி வைத்தார். டீபக்கர் என்று ஒன்று உண்டு. ஓடுவதை நடுவில் பிடித்து நிறுத்தி, அந்த நொடியில் அதன் பைக்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க உதவும் கருவி. நிறுத்திப் பார்த்தார். ஒரு வரி நகர்த்தினார். பார்த்தார். இன்னொரு வரி.

"இங்கதான் சார் சறுக்குது."

நான் இன்னும் கம்பைல் ஆவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, மொத்தமும் ஓட்டாம ஒண்ண மட்டும் பாத்தா எப்படி? கையேட்டுல பன்னெண்டாம் பக்கம் பாத்தியா?"

"பாத்தேன் சார். ஆனா மொத்தமா நிக்கவெச்சு கேட்டா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். ஒருத்தன தனியா கூப்புட்டு கேட்டா எல்லாத்தயும் கக்கிடுவான்."

இந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு நான் எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை. அவருடைய மொத்த அறிவும் அதுதான் என்று ஆரம்பத்தில் நினைத்து ஆறுதல் அடைந்தேன்.

டீயில் சோப்பு வாடை வருகிறது என்று அலுவலகமே ஒரு வாரம் புலம்பியது. நான் டீக்கடைக்காரருக்கு எழுத்து மூலம் புகார் தர வேண்டும் என்றேன். அந்த அம்மாவோ அலுவலகத்து மூன்று பிளாஸ்கையும் வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வாய் குடித்துவிட்டு, நடுவில் இருந்ததன் மூடியைக் கழற்றினார். மூடிக்கும் ரப்பர் வளையத்துக்கும் நடுவில் கெட்டியாகச் சோப்பு. "பாவம், கடைக்காரருக்கு ஓலை அனுப்ப இருந்தீங்க," என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பற்களைக் காட்டுவதற்குச் சிரிப்பு என்றுதான் பெயர்.

மனிதர்களிடமும் அதே முறைதான். விழுப்புரத்துக்குப் பக்கத்தில் கெடாரில் அவருடைய கணவர் வீட்டாருக்கு நிலம் இருந்தது. மூன்று அண்ணன் தம்பிகளுக்குள் போர்வெல் தண்ணீர் முறையில் தகராறு. மூன்று முறை எல்லாரும் கூடிப் பேசி மூன்று முறையும் சண்டையில் முடிந்ததாம். இவர் நடு மச்சினரை மட்டும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லைப் பக்கம் கூட்டிப்போய், "உங்களுக்கு தண்ணி வோணுமா, மொத முறை வோணுமா?" என்று கேட்டாராம். அவருக்கு வேண்டியது முதல் முறை. தண்ணீர் எப்போது வந்தாலும் சரி, ஊரார் முன்னால் தன் முறை முதலில் என்று இருக்க வேண்டும். கொடுத்துவிட்டார்கள். பேருந்தில் இதை என்னிடம் சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அலுவலகத்தில் அவர் எழுந்து வந்து, "ஒரு நிமிஷம் வர்றீங்களா?" என்று யாரையாவது தனியாகக் கூப்பிட்டால், கூப்பிடப்பட்டவர் முகம் வெளுக்கும். குரலை உயர்த்த மாட்டார். குற்றம் சொல்ல மாட்டார். ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா நிற்பார். அந்தச் சும்மா நிற்பதுதான் தாங்க முடியாது.

இரண்டு வருடங்களில் என் அறிக்கைகளை எம்.டி. படிப்பதை நிறுத்திவிட்டார். கதவைத் திறந்துகொண்டு வருவார். என் மேசையைத் தாண்டிப் போய், "என்னம்மா சொல்லுது உன் டெஸ்டு?" என்பார். நான் எழுதிய எண்ணூறு டெஸ்டுகளும் அந்த ஒரே கேள்வியில் அந்த அம்மாவுடையவை ஆகிவிட்டன. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் அதற்காக ஒரு துரும்பையும் நகர்த்தவில்லை. அதுதான் எரிந்தது. சூழ்ச்சி செய்திருந்தால் நானும் செய்திருப்பேன். சூழ்ச்சிக்கு எனக்கு நடைமுறை தெரியும்.

நான் ஓய்வு பெற வேண்டிய மாதத்தில் விக்கிரவாண்டியிலிருந்து ஒரு புகார் வந்தது.

அங்கே நெடுஞ்சாலை ஓரத்தில் எங்கள் மென்பொருள் ஓடும் எடைமேடை ஒன்று. நடத்துபவர் கோட்டக்குப்பத்துக்காரர். பல வருடம் துபாயில் இருந்துவிட்டுத் திரும்பியவர். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். காலையில் முதலில் ஏறும் வண்டிக்கு மட்டும் எடை நாற்பது, ஐம்பது கிலோ கூடுதலாகக் காட்டுகிறது, இரண்டாவது வண்டியிலிருந்து சரியாகிவிடுகிறது என்றார். "மல்லாட்ட மூட்ட வாங்க வந்தவங்க என்னை திருடன் மாதிரி பாக்கறாங்க சார். ஜல்தியா எதாச்சும் பண்ணுங்க," என்று போனில் கெஞ்சினார்.

நான் மொத்தத்தையும் ஓட்டினேன். எல்லாம் பச்சை. குறை மென்பொருளில் இல்லை, மேடையின் இரும்பில் இருக்கலாம் என்று முறைப்படி அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த அம்மா நம்பவில்லை. எங்கள் மென்பொருள் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஓடுகிறது. மற்ற யாரும் ஏன் புகார் செய்யவில்லை என்று யோசித்தார். ஒவ்வொருவராகப் போனில் பிடித்து ஒரே கேள்வி: "காலைல மொத வண்டி யாருதுங்க ஏறும்?"

பதிலைக் கேட்டு நானே அசந்துபோனேன். எல்லாரும் போணி செய்கிறார்கள். கடை திறந்ததும் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் சுற்றி, தங்கள் சொந்த மோட்டார் சைக்கிளையோ டெம்போவையோ மேடையில் ஒரு முறை ஏற்றி இறக்கிய பிறகுதான் வெளி வண்டியை விடுகிறார்கள். தப்பான எடை தங்கள் சொந்த வண்டிக்குத்தான் விழுகிறது. அந்த ரசீதை யாரும் படிப்பதில்லை. பாய் மட்டும் பிஸ்மி சொல்லிக் கதவைத் திறந்து, வெளியே காத்திருக்கும் லாரியை நேராக ஏற்றுகிறார்.

"பாய்க்கு மட்டும்தான் சார் ஒழுங்கா டெஸ்ட் ஓடுது," என்றார்.

பிறகு காலையில் முதல் வண்டி ஏறுவதைச் சோதிக்கும் டெஸ்டை மட்டும் தனியாக ஓட்டினார். சிவப்பு. என் வரிசையில் ஓட்டினால் பச்சை, தனியாக ஓட்டினால் சிவப்பு. காரணம் அரை மணி நேரத்தில் தெரிந்தது. மேடை காலியாக இருக்கும்போது அதன்மேல் படிந்த சேறு, தண்ணீர் இவற்றின் எடையைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வண்டியின் எடையிலும் அதைக் கழிக்க வேண்டும். எங்கள் நிரல் அதை முதல் வண்டி இறங்கிய பிறகுதான் குறித்துக்கொண்டது. என் வரிசையில் அந்த டெஸ்ட் நானூற்றுப் பத்தாவதாக வருவது. அதற்குள் முன்னால் ஓடிய டெஸ்டுகளே காலி எடையைக் குறித்து வைத்துவிடும். முன்னால் போனவர்கள் விளக்கைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பின்னால் வந்தவனுக்கு இருட்டு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை.

அதாவது, பல வருடங்களாக நான் கையெழுத்திட்ட பச்சையெல்லாம் அந்த ஓர் இடத்தில் பொய்.

எம்.டி. எங்கள் இருவரையும் கூப்பிட்டார். முன்பு தராசு பழுது பார்த்தவர். பேச்சை வளர்க்கத் தெரியாது.

"சார் சொல்றாரு இரும்புல கோளாறுன்னு. நீ சொல்ற நம்ம புரோகிராம்ல கோளாறுன்னு. வெள்ளிக்கெழம வரைக்கும் டைம். திருத்திட்டு, திருத்தினப்பறம் அந்த டெஸ்டு பச்சையாவறத எனக்குக் காட்டு. ஆச்சுன்னா அடுத்த மாசத்துலேர்ந்து சார் நாற்காலி உனக்கு. ஆவலன்னா சாருக்கு இன்னும் ஒரு வருஷம் எக்ஸ்டென்ஷன். செரிதானே சார்?"

சரி என்றேன். வேறென்ன சொல்வது? வீட்டில் சும்மா உட்காரும் நாளை நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்த காலம் அது. அந்த நாற்காலி இல்லாமல் நான் யார் என்று என்னையே கேட்டுக்கொள்ளத் துணிவு இல்லை.

திங்கட்கிழமை அவர் நிரலைத் திருத்தினார். திருத்தம் சரியானது. நான் படித்துப் பார்த்தேன், ஓர் எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை. ஓட்டினார். சிவப்பு. மறுபடி யோசித்தார், மறுபடி ஓட்டினார். சிவப்பு.

செவ்வாய்க்கிழமை காலை டீ டம்ளருடன் அவருக்குப் பின்னால் போய் நின்றேன். டீபக்கரில் டெஸ்டை நிறுத்தி வைத்திருந்தார். நிறுத்திய இடத்தைக் காட்டும் மஞ்சள் அம்பு திரையில் ஒரு வரியைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த வரி நிரலே இல்லை. 'இங்கே காலி எடையைக் குறிக்கிறோம்' என்று மனிதர்கள் படிப்பதற்காக அவர் எழுதி வைத்த குறிப்பு. குறிப்புகளைக் கணினி ஓட்டுவதில்லை. அதன்மேல் அம்பு நிற்க முடியாது. நிற்கிறது என்றால் ஒன்றுதான் அர்த்தம்: திரையில் தெரிவது புதிய வரிகள், உள்ளே ஓடுவது பழைய கோப்பு.

எனக்கு ஒரு வாய் டீயில் எல்லாம் புரிந்துவிட்டது. நேரத்தை மிச்சப்படுத்த அந்த ஒரு டெஸ்டைத் தனிக் கோப்பாகப் பிரித்து வைத்திருந்தார். எடை போடும் பகுதியை மட்டும் புதிதாகக் கம்பைல் செய்தார். டெஸ்டின் கோப்பை மறுபடி செய்யவில்லை. அதற்குள் பழைய எடைப் பகுதியே ஒட்டிக்கொண்டிருந்தது. அவருடைய திருத்தம் ஒரு முறைகூட ஓடவில்லை. இது அவரைப்போல ஒன்றை மட்டும் எடுத்து வேலை செய்பவர்களுக்கே வரக்கூடிய தவறு. என் நடைமுறையில், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்கிற முட்டாள் நடைமுறையில், இது வரவே வராது.

இரண்டு வருடங்களாகத் தினமும் அவரைப் பார்த்து ஒரு வாக்கியம் சொல்லிவந்தேன்: "எல்லாத்தையும் முதல்லேர்ந்து பில்ட் பண்ணும்மா." அவர் சிரித்துத் தள்ளிய வாக்கியம். அன்றைக்கு அதைச் சொல்லியிருந்தால் இரண்டு மணி நேரத்தில் பச்சை வந்திருக்கும்.

டீ ஆறிப்போயிருந்தது. குடித்து முடித்துவிட்டு என் இடத்துக்குப் போனேன்.

புதன்கிழமை மாலை பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"பேஜாராக்கீது சார். காரணம் சரி, திருத்துனது சரி. ஆனா ஆவ மாட்டேங்குது. நான்தான் எங்கியோ தப்பா புரிஞ்சிக்கினு இருக்கறனோ?"

"நாளைக்கு நல்லா யோசிச்சுப் பாரும்மா," என்றேன்.

மனிதர்கள் இதைவிடப் பெரிய துரோகங்களை எல்லாம் செய்கிறார்கள் என்று விழுப்புரம் வரும்வரை எனக்குள் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு வந்தேன். பட்டியல் நீளமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை எம்.டி. அறையில் அவர் நின்றுகொண்டே பேசினார். "நான் சொன்ன காரணம் தப்பு போல சார். திருத்திப் பாத்தேன், டெஸ்டு மாறல. பழயபடியே வெச்சிட்டேன். சார் சொன்னதே இருக்கட்டும்." அவர் தோற்றதை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். நினைத்த அளவுக்கு ருசிக்கவில்லை. ஆனாலும் ருசித்தது. எனக்கு எக்ஸ்டென்ஷன் கிடைத்தது.

பாய்க்கு மட்டும் அவர் ஒரு வழி சொல்லியிருந்தார். காரணம் தப்பென்று ஊருக்கு முன்னால் ஒப்புக்கொண்டாலும் உள்ளுக்குள் ஒப்பவில்லை என்று தெரிகிறது. தினமும் கதவைத் திறந்ததும், லாரியை விடுமுன், பாயே மேடையில் ஏறி நின்று ஒரு ரசீது அடித்துவிட்டு இறங்க வேண்டும். செய்தார். "எழுபது கிலோ ஆளு நானு, நூத்திப் பதினஞ்சு காட்டுது. எம் பொண்டாட்டி பாத்தா சோத்துல கை வெச்சிடுவா," என்று போனில் சொன்னார். அதற்குப் பிறகு லாரிகளுக்கு எடை சரியாக வந்தது.

பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை, அவருடைய கணினியில் இடம் போதவில்லை என்று பழைய கோப்புகளையெல்லாம் அழித்தார். எல்லாவற்றையும் முதலிலிருந்து கம்பைல் செய்ய வேண்டியதாயிற்று. பிடிவாதத்தில், கைவிட்ட திருத்தத்தையும் மறுபடி எழுதிப் பார்த்தார். அந்த ஒரு டெஸ்டை ஓட்டினார்.

பச்சை.

என் இடத்திலிருந்தே பார்த்தேன். அவர் துள்ளவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு அலமாரிக்குப் போய் ஒரு படிவத்தை எடுத்தார். நடைமுறைக் கையேட்டில் புதிதாக ஒரு வரி சேர்க்க வேண்டுமானால் நிரப்ப வேண்டிய படிவம். வடிவமைத்தவன் நான். அரை மணி நேரம் எழுதினார். எழுந்து என் மேசைக்கு வந்தார்.

"சார், ஒரு நிமிஷம்."

தனியாகக் கூப்பிடப்படுவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

சேர்க்க வேண்டிய வரியை எழுதியிருந்தார்: 'ஒரு டெஸ்டை மட்டும் ஓட்டும்போது, அந்த டெஸ்டின் கோப்பையும் கட்டாயம் புதிதாகச் செய்துகொள்ளவும்.' காரணம் எழுதியிருந்தார். என் கையேட்டைத் தான் மதிக்காததே காரணம் என்று. நானே எழுதியிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது. ஒரு கட்டம் மட்டும் காலி. 'குறையை முதலில் கவனித்தவர், நாள்.'

"மிச்சமெல்லாம் எழுதிட்டேன் சார். இது மட்டும் நீங்க போடணும்."

"நீதானேம்மா கண்டுபுடிச்ச? இன்னிக்குத் தேதி போட்டுக்கோ."

அவர் சும்மா நின்றார். பிறகு மெதுவாக, அக்கம்பக்கம் கேட்காத குரலில் சொன்னார்:

"அம்பு தள்ளி நிக்கறத அன்னிக்கு நானும் பாத்தேன் சார். பழைய கோப்போன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. அப்பதான் நீங்க டம்ளரோட பின்னாடி நின்னீங்க, ஸ்கிரீன் கண்ணாடியில தெரிஞ்சுது. நீங்களும் அந்த வரியத்தான் பாத்தீங்க. தெனம் பில்ட் பண்ணு, பில்ட் பண்ணுன்னு உசுர வாங்கற ஆளு. ஒண்ணும் சொல்லாம போயிட்டீங்க. சரி, சாரே ஒண்ணும் சொல்லல, அப்ப பில்டு சரியாத்தான் இருக்குன்னு அந்தப் பக்கமே நான் போவல."

என் அறுபத்து நான்கு பக்கத்தில் ஒரு பக்கத்தையும் மதிக்காதவர், என் மௌனத்தைப் பச்சை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். நாலு நாள் அதை நம்பித் தன் மூளையைச் சந்தேகப்பட்டிருக்கிறார்.

படிவத்தில் பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. வாயை மூடிக்கொண்டு இருப்பதற்குப் படிவம் எதுவும் இல்லாததால் அது மட்டும் கைவந்திருந்தது. பேனாவை எடுத்து என் பெயரை எழுதினேன். பக்கத்தில் அந்தச் செவ்வாய்க்கிழமையின் தேதியைப் போட்டேன். அவர் படித்தார். சரிபார்த்தவர் என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். எம்.டி. எப்போதும்போலப் படிக்காமல் ஒப்புதல் கொடுத்தார். கோப்பு அலமாரிக்குப் போனது. திருத்தம் விக்கிரவாண்டிக்குப் போனதும் பாய் மேடையில் ஏறி நிற்பதை நிறுத்தினார். திருத்தம் எப்படி வேலை செய்ய ஆரம்பித்தது என்று எம்.டி. அந்த அம்மாவிடம் கேட்டதற்கு, "முழுசா பில்ட் பண்ணதுல சரியாச்சு, சார் சொல்றது சரிதான்," என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நாற்காலியைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்த ஒரு வருடமும் அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜாடையாகக் குத்திக் காட்டவில்லை. என்னைக் கண்டு ஒதுங்கவும் இல்லை. பேருந்தில் பக்கத்து இடம் காலியாக இருந்தால் உட்கார்ந்தார். இத்தனைக்கும் பிறகு ஒருவரால் எப்படி இவ்வளவு லேசாக இருக்க முடிகிறது என்று அதற்கும் பொறாமைப்பட்டேன். ஒன்றே ஒன்றுதான் மாறியது. ஏதாவது ஒரு டெஸ்டைத் தனியாக ஓட்டுமுன் என்னைக் கூப்பிடுவார்.

"சார், இங்க வந்து ஒரு பார்வ பாத்துட்டுப் போங்க."

போய் நிற்பேன். பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. திரும்ப நடப்பேன்.

"பாத்தீங்களா சார்?"

"பாத்தேம்மா."

"எதனா இருக்குதா?"

தலையை ஆட்டினால் போதாது. கையை அசைத்தால் போதாது. நான் வாயைத் திறக்கும்வரை அவருடைய விரல் பொத்தானுக்கு மேல் அந்தரத்தில் நிற்கும்.

"ஒண்ணும் இல்லம்மா. ஓட்டு."

அதற்குப் பிறகுதான் ஓட்டுவார். ஒரு வருடம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை.

இப்போது அந்த நாற்காலி அவருடையது. நான் விழுப்புரத்தில் வீட்டோடு இருக்கிறேன். போன மாதம் பேருந்து நிலையத்தில் பழைய சகா ஒருவரைப் பார்த்தேன். அலுவலகம் எப்படிப் போகிறது என்று பொதுவாக விசாரித்துவிட்டு, அந்த அம்மா இப்போதும் ஓட்டுவதற்கு முன் யாரையாவது பின்னால் கூப்பிட்டு நிறுத்துகிறாரா என்று கேட்டேன்.

"இல்லியே சார். அவங்க யாரையும் கூப்புடறதில்ல. ஏன் கேக்கறீங்க?"

சும்மாதான் என்றேன்.